கறுப்பு இயேசு, திரும்பிய கையெழுத்து: இது அசல் ஹன்டர் படமா?

ஹூஸ்டனில் இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: லூசியானாவில் ஒரு வீட்டைக் காலி செய்து சாமான்களை விற்றபோது, பலகையில் வரைந்த சிறிய படம் ஒன்றை வாங்கினாராம். சிலுவையில் கறுப்பு நிற இயேசு, பக்கத்தில் வெள்ளை உடையில் பெண்கள், கீழே வலது ஓரத்தில் ஆங்கில சி எழுத்து இடவலம் மாறி எச் எழுத்தோடு ஒட்டியிருக்கிறது. "கிளெமென்டைன் ஹன்டர் வரைந்தது என்கிறார்கள். அசலா? அழுக்காக இருக்கிறதே, துடைக்கலாமா? விற்பதென்றால் எப்படி?"

முதலில் துடைக்கும் வேலையை நிறுத்துங்கள். ஈரத்துணி, சோப்பு, இணையத்தில் சொல்லும் ரொட்டித்துண்டு எதுவும் வேண்டாம். அழுக்கு என்று நினைத்து நீங்கள் துடைக்கப்போவது ஒருவேளை உங்கள் சாட்சியாகவே இருக்கலாம்.

ஏன் என்று சொல்கிறேன். ஹன்டர் ஒரு கறுப்பினப் பெண் ஓவியர், லூசியானாவின் நாக்கடிஷ் பக்கம், கேன் ஆற்றங்கரையில் உள்ள மெல்ரோஸ் தோட்டத்தில் பருத்தி பறித்தவர், பிறகு அங்கேயே வீட்டுவேலையும் சமையலும் செய்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. ஐம்பது வயதைத் தாண்டித்தான், விருந்தாளியாக வந்த ஓர் ஓவியர் விட்டுப்போன வர்ணக்குழாய்களை எடுத்து வரைய ஆரம்பித்தார். ஜன்னல் திரை, அட்டை, பலகை, பாட்டில் என்று கையில் கிடைத்ததில் எல்லாம் வரைந்தார். படத்தை நிறுத்தி வரையும் தாங்கி கிடையாது, பலகையை மடியில் வைத்துத்தான் வரைவார், அதனால் வர்ணம் பட்ட விரல்களின் தடம் ஓரங்களிலும் பின்பக்கத்திலும் அடிக்கடி இருக்கும். போலி செய்பவர் முன்பக்கத்தில்தான் மெனக்கெடுவார். எனவே படத்தைத் திருப்பிப் போட்டு, நல்ல வெளிச்சத்தில் பின்பக்கத்தையும் நான்கு ஓரங்களையும் போட்டோ எடுங்கள். சட்டத்தின் பின்னால் ஒட்டிய சீட்டு, பென்சில் விலைக்குறிப்பு எதையும் கிழிக்காதீர்கள்.

கையெழுத்தை வைத்து மட்டும் முடிவு செய்யவே முடியாது. ஆரம்பகாலப் படங்கள் பலவற்றில் கையெழுத்தே இல்லை. அப்புறம் இரண்டு எழுத்துகளும் தனித்தனியாக வந்தன, பிறகு சி திரும்பியது, போகப்போக எச்மேல் ஏறி உட்கார்ந்தது. தோட்டத்து முதலாளியம்மா கேமி ஹென்றிக்கும் அதே முதலெழுத்துகள் என்பதால்தான் திருப்பிப் போட்டார் என்று ஒரு கதை உண்டு. உங்களுக்குப் பயன்படுவது இந்த வரிசைதான்: விற்றவர் இதை 1940களின் படம் என்று சொல்லி, எழுத்துகள் பிற்காலப் பாணியில் ஒட்டியிருந்தால் சந்தேகப்படுங்கள்.

ஹன்டர் விஷயத்தில் இந்தச் சந்தேகம் அதிகப்படியானது அல்ல. வில்லியம் டாய் என்பவர் இவர் பெயரில் போலிகளை வரைந்து பல வருடம் விற்றார். எஃப்.பி.ஐ. 2009இல் அவர் வீட்டைச் சோதனை போட்டது, 2011இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அந்தப் படங்கள் ஹன்டரிடமே நேரடியாக வாங்கியவை என்று விற்கும்போது சொல்லப்பட்டது. ஆகவே "பாட்டி அந்தம்மாவிடமே வாங்கினார்" என்ற கதையைக் கேட்டு மயங்க வேண்டாம். விற்பனை நடத்தியவர்களிடம் எழுத்தில் கேளுங்கள்: யார் வீட்டுப் படம், எந்த வருடத்தில் இருந்து அங்கே இருந்தது, பழைய குடும்பப் போட்டோவில் சுவரில் தெரிகிறதா, கடிதமோ ரசீதோ உண்டா. ஹன்டரைப் பார்க்கப் போனவர்கள் பலர் அவரோடு நின்று போட்டோ எடுத்திருக்கிறார்கள், அப்படி ஒன்று கிடைத்தால் நல்லதுதான், ஆனால் அதில் இந்தப் படமும் தெரிந்தால்தான் முழுப் பலன்.

கருப்பொருளைப் பொறுத்தவரை கவலை இல்லை. சிலுவையில் கறுப்பு இயேசுவை அவர் வரைந்தது எல்லோருக்கும் தெரிந்ததே. ஐல் பிரெவெல் என்ற இடத்தில் உள்ள புனித அகஸ்டின் கத்தோலிக்க தேவாலயத்துக் கல்லறையில்தான் அவர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார், ஞானஸ்நானம், கல்யாணம், சாவு ஊர்வலம் எல்லாம் அவர் பக்கத்தில் இருந்து பார்த்த வாழ்க்கை. பருத்தி வயல், துணி துவைப்பு, ஜின்னியா பூக்கள் அளவுக்குச் சிலுவைக்காட்சி அடிக்கடி கண்ணில் படாது. அரிது என்பதால் விலை கூடலாம், ஆனால் அசல் என்பதற்கு அது ஆதாரம் ஆகாது. விலை கூடுகிற இடத்துக்குத்தான் போலியும் வரும்.

ஆய்வகச் சோதனைக்கு உடனே ஓடாதீர்கள். 1988 ஜனவரி 1 அன்று அவர் இறந்தார். அதற்குப் பிறகு சந்தைக்கு வந்த வர்ணப்பொருள் படத்தில் இருந்தால் கதை முடிந்தது. இல்லாவிட்டால் ஒன்றும் நிரூபணம் ஆகாது, ஏனென்றால் அவர் பயன்படுத்தியது யாரும் கடையில் வாங்கக்கூடிய வர்ணம். முதலில் போட்டோக்களை நியூ ஆர்லியன்ஸில் அமெரிக்கத் தென்மாநில ஓவியங்களை ஏலம் விடும் நீல் ஆக்ஷன் போன்ற நிறுவனத்துக்கு அனுப்பி, ஏலத்தில் சேர்ப்பார்களா என்று கேளுங்கள். அவர்கள் தயங்கினால் அந்தத் தயக்கமே ஒரு தகவல்.

மதிப்பீட்டாளர் வேறு, அசல் என்று உறுதி சொல்பவர் வேறு. மதிப்பீட்டு அறிக்கை பெரும்பாலும் "அசல் என்று வைத்துக்கொண்டால் இவ்வளவு" என்றுதான் சொல்லும், அந்த வரியைத் தேடிப் படியுங்கள். காப்பீட்டுக்கு அது போதும். ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்து லாபத்துக்கு விற்றால், கலைப்பொருள் என்பதால் அமெரிக்க மத்திய வரி 28 சதவீதம் வரை போகலாம். அருங்காட்சியகத்துக்குக் கொடுத்து 5,000 டாலருக்கு மேல் வரிக்கழிவு கேட்டால், தகுதியுள்ள மதிப்பீட்டாளரின் அறிக்கை கட்டாயம்.

அசல் என்று தெரிந்த பிறகும் அழுக்கு உறுத்தினால், ஓவியப் பாதுகாப்பு நிபுணரிடம் கொடுங்கள். பின்பக்கத்தையும் ஓரங்களையும் தொடக்கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கொடுங்கள்.