சிங்கப்பூர் சைனாடவுனில் சாப்பாட்டுக்கும் சந்தைக்கும் ஒரு நாள் ஒதுக்கினால் எங்கே போகலாம்?

எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து மேலே ஏறியதும் கண்ணில் படுவது பகோடா ஸ்ட்ரீட். பொம்மை, சாவிக்கொத்து, பட்டு விசிறி எல்லாம் அங்கே கிடைக்கும். அதற்காக அங்கேயே நின்றுவிடாதீர்கள். சிங்கப்பூர்க்காரர்கள் வாங்குவதும் சாப்பிடுவதும் சற்றுத் தள்ளி, ஸ்மித் ஸ்ட்ரீட்டில் உள்ள சைனாடவுன் காம்ப்ளெக்ஸில். தெருவோரம் கடை போட்டிருந்தவர்களைக் கூரைக்குக் கீழே கொண்டுவரக் கட்டி, 1983-இல் அவர்கள் குடியேறிய இடம் அது. அடித்தளத்தில் மீன், இறைச்சி, காய்கறி விற்கும் ஈரச்சந்தை, மாடியில் 200க்கும் மேற்பட்ட சாப்பாட்டுக் கடைகள். வெளியிலிருந்து பார்த்தால் பழைய அரசு அலுவலகம் மாதிரிதான் இருக்கும்.

சந்தைக்குக் காலை எட்டு மணி வாக்கில் போங்கள். மதியம் நெருங்கினால் பாதிப் பேர் தரையைக் கழுவிவிட்டுக் கிளம்பியிருப்பார்கள். திங்கட்கிழமை மீன்காரர்கள் பலருக்கு ஓய்வு, அன்றைக்கு வேண்டாம். தரை எப்போதும் ஈரம் என்பதால் வழுக்காத செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். தவளையை உயிரோடு விற்பார்கள், பிள்ளைகளோடு போனால் முன்னாடியே சொல்லி வைப்பது நல்லது.

ஊருக்கு எடுத்துப் போகக் காய்ந்த சரக்குதான் சரி. காளானில், குடை வெடித்து வெள்ளைக் கோடு ஓடியிருப்பது நல்ல தடிமன், விலையும் அதற்கேற்றபடி. குழம்புக்கும் வறுவலுக்கும் கோடு இல்லாத சாதாரண ரகமே போதும் என்பது என் எண்ணம். காய்ந்த இறாலை ஒன்றிரண்டு கையில் எடுத்து அழுத்திப் பாருங்கள். பிசுபிசுப்பு இருக்கக் கூடாது. எல்லாம் ஒரே பளிச் சிவப்பாக இருந்தால் நான் வாங்க மாட்டேன். கத்தரிக்காய்க் குழம்பில் ஒரு பிடி போட்டால் மறுநாளைக்கு மிச்சம் இருக்காது. விலைப் பலகையை மட்டும் கவனியுங்கள், பெரும்பாலும் 100 கிராமுக்குத்தான் எழுதியிருக்கும். வயசான கடைக்காரர்கள் சிலர் இன்னும் 'கட்டி'க் கணக்கில் சொல்வார்கள். ஒரு கட்டி ஏறக்குறைய 600 கிராம்.

அப்புறம் மாடிக்கு ஏறிக் கோப்பி. 'கோப்பி' என்று மட்டும் சொன்னால் டின் பால் போட்டுத் தித்திப்பாக வரும். பால் வேண்டாமென்றால் 'கோப்பி ஓ', சர்க்கரையும் வேண்டாமென்றால் 'கோப்பி ஓ கோசோங்'. கொட்டையைச் சர்க்கரையும் வெண்ணெயும் சேர்த்து வறுத்து, நீளத் துணிப்பையில் வடிகட்டுவார்கள். நம்ம ஃபில்டர் காப்பியை எதிர்பார்த்துக் குடிக்காதீர்கள், இது வேறு ருசி. மேசை மேல் டிஷ்யூ பாக்கெட் மட்டும் கிடந்தால் காலி இடம் என்று நினைக்க வேண்டாம், யாரோ இடம் பிடித்துவிட்டு வரிசையில் நிற்கிறார். சாப்பிட்ட தட்டை நாமே கொண்டுபோய் வைக்க வேண்டும், 2021-லிருந்து அது சட்டம்.

நல்ல உணவகங்களுக்குக் கொடுக்கும் மிஷலின் நட்சத்திரத்தை 2016-இல் வாங்கிய சோயா சாஸ் கோழிக் கடை பிறந்தது இந்த மாடியில்தான். 2021-இல் நட்சத்திரம் போய்விட்டது. என்னைக் கேட்டால் மதியத்துக்கு மண்சட்டிச் சோறு. கரி அடுப்பில் ஒவ்வொரு சட்டியாக வேகும், அரை மணி நேரத்துக்குக் குறையாமல் காத்திருக்க வேண்டும். மூடியைத் திறந்ததும் கறுப்பு சோயா சாஸையும் எண்ணெயையும் ஊற்றி, கரண்டியை அடிவரை விட்டுச் சுரண்டிக் கிளறுங்கள். அடியில் பிடித்த காந்தலுக்காகத்தான் இவ்வளவு காத்திருப்பும். அதில் போடும் சீனத் தொத்திறைச்சி பன்றி, வேண்டாமென்றால் பணம் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

சைவம் என்றால் இன்னும் கவனம். கீரை வதக்கலில்கூடச் சிப்பி சாஸோ பன்றிக் கொழுப்போ இருக்கலாம். பக்கத்திலேயே இருக்கும் புத்தர் பல் கோயிலின் அடித்தளத்தில் சைவச் சாப்பாடு கிடைக்கும், கவலையில்லாமல் சாப்பிடலாம். ஹலால் வேண்டுவோர் கடையில் முயிஸ் (சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம்) சான்றிதழ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உட்காருங்கள்.

மாலைக்கு மேக்ஸ்வெல் உணவங்காடி நிலையம். சிக்கன் ரைஸுக்குத் தியான் தியான் கடையில் வரிசை நீளம். வெயிலில் நிற்க மனமில்லையென்றால் பக்கத்துக் கடையில் சாப்பிடுங்கள், பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. கோழிக் கொழுப்பிலும் இஞ்சியிலும் வேகும் சோறும் அந்த மிளகாய்ச் சட்னியும்தான் முக்கியம். வழியில் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் 1827-இல் நாராயண பிள்ளை கட்டிய மாரியம்மன் கோயில் வரும். பகோடா ஸ்ட்ரீட்டுக்குப் பெயர் கொடுத்ததே அதன் கோபுரம்தான். அதே ரோட்டில் தோங் ஹெங் கடையில் சாய்சதுர வடிவ முட்டை டார்ட் கிடைக்கும், சூட்டோடு சாப்பிடுங்கள்.

டுரியான் காலமென்றால் கடைசியாக ஒரு பழம். ரயிலில் கொண்டுபோக விடமாட்டார்கள், ஹோட்டல்களிலும் பெரும்பாலும் தடைதான். அதனால் கடையிலேயே பிளக்கச் சொல்லி அங்கேயே சாப்பிட்டுவிடுங்கள். பிளப்பதற்கு முன்னால் எடை போட்டு விலையைச் சொல்லச் சொல்லுங்கள்.