நாற்பது பக்கம் எழுதினேன், ஒருவரும் படிக்கவில்லை: அறிக்கை எழுதுவது பற்றிக் கேள்வி பதில்

பிறர் எழுதிய அறிக்கைகளைத் திருத்துவதே என் பிழைப்பு. வந்து குவிந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஐயா, நாற்பது பக்க அறிக்கை கொடுத்தேன். மேலாளர் முதல் பக்கத்தைப் புரட்டிவிட்டு, "என்னதான் சொல்ல வருகிறீர்கள்?" என்று கேட்டார். எல்லாம் உள்ளே இருக்கிறதே!

இருக்கிறது, முப்பத்தெட்டாம் பக்கத்தில். நீங்கள் வேலை செய்த வரிசையிலேயே எழுதியிருக்கிறீர்கள்: தரவைத் திரட்டினோம், சரிபார்த்தோம், அலசினோம், கடைசியில் கண்டுபிடித்தோம். படிப்பவருக்கு உங்கள் பயணக் கதை வேண்டாம். என்ன தெரிந்தது, எவ்வளவு உறுதியாகத் தெரிந்தது, அதற்கு என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றையும் முதல் அரைப் பக்கத்தில் சொல்லிவிடுங்கள். சான்றுகள் அதன் பிறகு வரட்டும். செய்முறை விவரங்களுக்குப் பின்னிணைப்பு இருக்கிறது.

கேள்வி: வட்ட வரைபடம் போட்டால் ஏன் முகம் சுளிக்கிறார்கள்? என்னுடையதில் ஒன்பது துண்டுகள்தான்.

"தான்" என்கிறீர்களே! வட்ட வரைபடத்துக்கு வயது இருநூறுக்கு மேல். வில்லியம் பிளேஃபேர் 1801இல் அச்சிட்டார். பழமை அதன் குற்றமன்று. கோணங்களை ஒப்பிடுவதில் நம் கண் மந்தம். ஒரே அடிக்கோட்டில் நிற்கும் பட்டைகளின் நுனிகளை ஒப்பிடுவதில் கெட்டி. கிளீவ்லண்ட், மெக்கில் என்ற இரண்டு புள்ளியியலாளர்கள் 1984இல் இதைச் சோதித்தே காட்டினார்கள். 23 விழுக்காட்டுத் துண்டையும் 26 விழுக்காட்டுத் துண்டையும் பக்கத்தில் வைத்தால் எது பெரிது என்று தடுமாறுவோம். இரண்டு மூன்று துண்டுகள் என்றால் தாராளமாகப் போடுங்கள். ஒன்பது என்றால் படுக்கைவாட்டுப் பட்டைகள், பெரியதிலிருந்து சிறியதாக. பெயர்களைப் படிக்கக் கழுத்தைச் சாய்க்கவும் வேண்டாம். முப்பரிமாண வட்டம் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.

கேள்வி: வரைபடத்தின் அச்சு எப்போதும் சுழியத்தில்தான் தொடங்க வேண்டுமா?

பட்டை என்றால் ஆம். அங்கே நீளம்தான் அளவு. 96ஐயும் 98ஐயும் 95இலிருந்து வரைந்தால் இரண்டாவது பட்டை மூன்று மடங்கு உயரமாக நிற்கும். கீழே எண்ணை அச்சிட்டிருந்தாலும் கண் பட்டையைத்தான் நம்பும். கோட்டு வரைபடத்துக்கு இந்தக் கட்டாயம் இல்லை. உடல் வெப்பநிலையைச் சுழியம் செல்சியஸிலிருந்து வரைந்து பாருங்கள், 39 பாகைக் காய்ச்சல்கூட மறைந்துபோகும்.

கேள்வி: பழுது ஏற்படாத மாதங்களை வரைபடத்திலிருந்து நீக்கிவிட்டேன். இடம் மிச்சம். சரிதானே?

இதைப் படித்ததும் எனக்குப் பகீரென்றது. சேலஞ்சர் விண்கலம் 1986 ஜனவரி 28 அன்று வெடித்து ஏழு பேர் இறந்தார்கள். ஏவுவதற்கு முந்தைய இரவு, குளிரில் ராக்கெட் இணைப்புகளின் ரப்பர் வளையங்கள் தாங்குமா என்று விவாதம் நடந்தது. வளையம் சேதமடைந்த முந்தைய பயணங்களை மட்டும் வெப்பநிலையோடு வைத்துப் பார்த்தார்கள். சேதம் குளிரிலும் இருந்தது, வெயிலிலும் இருந்தது, ஆகவே தொடர்பு புலப்படவில்லை. சேதமில்லாத பயணங்களையும் சேர்த்து விசாரணை ஆணையம் பின்னர் எண்ணியபோது படமே மாறியது: 66 பாகை ஃபாரன்ஹீட்டும் அதற்கு மேலும் இருந்த 20 பயணங்களில் சேதம் மூன்றில்தான், 63 பாகையும் அதற்குக் கீழும் இருந்த நான்கு பயணங்களில் நான்கிலும். எதுவும் நடக்காத மாதமும் தரவுதான். திருப்பிச் சேருங்கள்.

கேள்வி: 4 விழுக்காடு 6 ஆனது. 2 விழுக்காடு உயர்வா, 50 விழுக்காடா?

உயர்வு 50 விழுக்காடு. வேறுபாடு 2 விழுக்காட்டுப் புள்ளிகள். குழப்பமே வேண்டாமென்றால், "நூற்றுக்கு 4 ஆக இருந்தது 6 ஆனது" என்று எழுதுங்கள்.

கேள்வி: என் அட்டவணை எவ்வளவு அலங்கரித்தாலும் நெரிசலாகவே தெரிகிறது.

அலங்காரம்தான் நெரிசல். நீங்கள் அனுப்பியதில் ஒரே பத்தியில் 12.4837, 9.5, 103.26 என்று இருக்கின்றன, அதுவும் நடுவில் சீரமைத்து. 12.5, 9.5, 103.3 என்று ஒரே தசம அளவில் வலப்பக்கம் ஒட்டி நிறுத்துங்கள். நூறைத் தாண்டிய எண் இடப்பக்கம் நீட்டிக்கொண்டு தானே கண்ணில் படும். கட்டக் கோடுகளில் தலைப்புக்குக் கீழே ஒன்றை விட்டு மற்றதை அழியுங்கள். சிவப்பையும் பச்சையையும் மட்டும் நம்பிப் பொருள் சொல்லாதீர்கள். அவ்விரண்டையும் பிரித்தறிய முடியாதவர்கள் ஆண்களில் நிறையப் பேர். தலைப்பையும் மாற்றுங்கள்: "காலாண்டு வாரியாகப் புகார்கள்" என்பது டப்பாவின் மேல் ஒட்டிய சீட்டு. "மூன்றாம் காலாண்டில் புகார்கள் இரு மடங்காயின" என்பது செய்தி.

கேள்வி: அனுப்பும் முன் சோதிக்க வழி உண்டா?

விஷயம் தெரியாத ஒருவரிடம் ஒரு நிமிடம் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். என்ன புரிந்தது என்று கேளுங்கள். "வரைபடங்கள் அழகாக இருந்தன" என்று அவர் சொன்னால், மறுபடியும் உட்கார வேண்டியதுதான்.