மரத்துப்போகும் கிரீம்: கிளம்பும் முன் தேய்த்தால் போதாது

கேள்வி: தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் உள்ள என் 6 வயது மகளுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றுகிறோம். ஊசியைப் பார்த்தாலே அலறுகிறாள். மரத்துப்போகும் கிரீம் வாங்கித் தேய்த்துக் கூட்டிப் போனோம்; பலனில்லை. நர்ஸோ, கிரீம் போட்டால் நரம்பு மறைந்துவிடும் என்கிறார். போடலாமா?

பதில்: போடலாம். முதலில் ட்யூபைத் திருப்பிப் படியுங்கள். லிக்னோகைன் 2.5%, பிரிலோகைன் 2.5% என மரக்கச் செய்யும் மருந்துகள் இரண்டும் இருக்க வேண்டும். 'லிக்னோகைன் 2% ஜெல்' என்றால் அது சிறுநீர் டியூப் போடும்போது தடவுவது. காயமில்லாத தோலைத் தாண்டி உள்ளே போகாது. 'ரெண்டும் ஒண்ணுதான்' என்று மெடிக்கல் ஷாப்பில் அதையே எடுத்து நீட்டுவார்கள். வாங்காதீர்கள். அதைவிட மோசம், டாட்டூவுக்கென்று ஆன்லைனில் விற்பவை. அட்டையில் 10% என்றிருக்கும். உள்ளே இருப்பது விற்கிறவனுக்கே தெரியாது. 4 சதவீதத்துக்கு மேல் லிக்னோகைன் சேர்த்து, மருத்துவர் சீட்டின்றி விற்கும் கிரீம்களால் இதயத்துடிப்பு தாறுமாறாகலாம், வலிப்பு வரலாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 மார்ச்சில் எச்சரித்தது.

அடுத்து, தேய்க்கக் கூடாது. வென்ஃப்ளான் (ரத்தம் ஏற்றக் கையில் செருகும் ஊசிக்குழாய்) போடும் இடத்தில் 3 செ.மீ. சதுரத்துக்கு 1 கிராம், அதாவது 5 கிராம் ட்யூபில் ஐந்தில் ஒரு பங்கு, தடிமனாக வைத்து ஒளிபுகும் பிளாஸ்திரியால் மூடுங்கள். சமையலறை கிளிங் ஃபிலிமைச் சுற்றி, ஓரங்களில் மைக்ரோபோர் ஒட்டினாலும் சரி. முதல் குத்து தவறலாம் என்பதால் இரண்டு கையிலும் போடுங்கள். ஒட்டிய நேரத்தைப் பேனாவால் அதன் மேலேயே எழுதுங்கள். குறைந்தது 60 நிமிடம். 4 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.

நர்ஸ் சொன்னதும் பொய்யில்லை. கிரீம் ரத்தக்குழாயைச் சுருக்கும், தோல் வெளுக்கும். துடைத்தெடுத்துப் பத்து நிமிடம் விட்டு, வெதுவெதுப்பான துணியைக் கையில் சுற்றினால் நரம்பு எழும்பும். மரப்பு அதன்பிறகும் ஒரு மணி நேரம் நிற்கும். கிராஸ் மேட்ச் (ரத்தம் பொருந்துகிறதா என்ற சோதனை) முடிந்து ரத்தப் பை வரும்வரை குழந்தைகளை மணிக்கணக்கில் பெஞ்சில் உட்கார வைக்கிறார்கள். அந்த நேரத்தில் கிரீம் போட்டுவிட எந்த வார்டுக்கும் தோன்றுவதில்லை! நீங்களே போட்டுக்கொண்டு போங்கள்.

ஆனால் மகளுக்கு ஜி-6-பி-டி (சிவப்பணுக்களைக் காக்கும் என்சைம்) குறைபாடு உண்டா என்று மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள். பிரிலோகைன் உடலில் சிதையும்போது, ரத்தம் ஆக்ஸிஜன் சுமக்க முடியாதபடி மாறலாம். ரத்தம் ஏற்றும் நாளில் உங்கள் மகளின் ஹீமோகுளோபின் ஏற்கெனவே குறைந்துதான் இருக்கும். 'டெஸ்ட் நார்மல்' என்றால், எப்போது எடுத்தது என்று கேளுங்கள். ரத்தம் ஏற்றிய பிறகு எடுத்திருந்தால் கொடையாளியின் அணுக்களும் சேர்ந்து கணக்கில் வரும், குறைபாடு மறைந்துபோகும். முதல் ரத்தம் ஏற்றும் முன் எடுத்த ரிப்போர்ட்டைத் தேடுங்கள். இல்லையென்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். சல்ஃபா மாத்திரை, தொழுநோய்க்குத் தரும் டாப்சோன் சாப்பிடும் பிள்ளைகளுக்கும் இதே எச்சரிக்கை. இவர்களுக்குப் பிரிலோகைன் இல்லாத 4% லிக்னோகைன் கிரீம் பொருந்துமா என்று கேட்கலாம். உதடோ நகமோ நீலம்பாரித்தால் கிரீமைத் துடைத்துவிட்டு உடனே கேஷுவால்டிக்கு ஓடுங்கள்.

தோல் மரத்தாலும் முதல் ஓரிரு முறை அழுவாள். பழைய வலி நினைவிலிருக்கும். படுக்க வைத்து நான்கு பேர் அமுக்க விடாதீர்கள். மடியில் உட்கார வையுங்கள். 'ஊசியே இல்லை' என்று ஏமாற்றாமல், 'அழுத்துவது தெரியும், சுருக்கென்று குத்தாது' என்று சொல்லுங்கள்.