மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய்?

சமையல் எண்ணெய் பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளை இந்த முறை ஒன்றாகத் தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: என் கணவருக்குக் கொலஸ்ட்ரால் கூடியிருப்பதாக ரத்தப் பரிசோதனையில் வந்தது. எண்ணெய் ஒரு சொட்டுகூட ஆகாது என்று ஒரு டாக்டர் பேசும் வீடியோவைப் பார்த்துவிட்டு, தாளிப்பதையே நிறுத்தச் சொல்கிறார். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருக்கும் வீடு. என்ன செய்வது? (தஞ்சாவூர் வாசகி)

தாளிப்பை நிறுத்த வேண்டாம், அளவைக் குறையுங்கள். லினோலெயிக், ஆல்ஃபா லினோலெனிக் என்ற இரண்டு கொழுப்பு அமிலங்களை நம் உடல் தானாகத் தயாரித்துக்கொள்ளாது, சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். ஏ, டி, இ, கே வைட்டமின்கள் உடம்பில் சேரவும் கொழுப்பு வேண்டும். முருங்கைக்கீரையை வெறும் தண்ணீரில் அவித்துச் சாப்பிடுவதைவிட ஒரு ஸ்பூன் எண்ணெயில் வதக்கிச் சாப்பிட்டால் அதிலுள்ள பீட்டா கரோட்டின் (உடம்பில் வைட்டமின் ஏ ஆக மாறும் சத்து) கூடுதலாக உடம்பில் ஒட்டும். வளரும் பிள்ளைகளின் தட்டில் இது முக்கியம்.

அந்த வீடியோக்காரர்கள் ஒன்றுமில்லாமல் பேசுகிறார்கள் என்றும் சொல்ல மாட்டேன். அமெரிக்க மருத்துவர் டீன் ஆர்னிஷ் 1990-இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வில், கொழுப்பை மொத்தக் கலோரியில் 10 சதவீதமாகக் குறைத்த இதய நோயாளிகளுக்கு ரத்தக்குழாய் அடைப்பு ஓரளவு குறைந்தது. ஆனால் அவர்கள் புகைப்பதை விட்டார்கள், உடற்பயிற்சி செய்தார்கள், மன அழுத்தம் குறையப் பயிற்சி எடுத்தார்கள், சைவ உணவுக்கு மாறினார்கள். பங்கேற்றவர்களும் சில டஜன் பேர்தான். எண்ணெயை விட்டதால் மட்டும் கிடைத்த பலன் என்று அதை எடுத்துக்கொள்ள முடியாது. எண்ணெய் ஊற்றாமல் சமைத்து, நிலக்கடலை, எள், தேங்காய் என்று முழுப் பொருளாகவே கொழுப்பைச் சாப்பிடுகிறவர்கள் நன்றாக வாழலாம். உங்கள் கணவருக்கு அப்படி ஒரு கட்டுப்பாடு தேவையா என்பதை அவரைப் பார்க்கும் டாக்டர் சொல்லட்டும். அதற்காகப் பிள்ளைகளையும் சேர்த்துப் பத்தியம் இருக்க வைக்காதீர்கள்.

அளவு என்று சொன்னேனே, அதற்குக் கணக்கு இருக்கிறது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஒரு நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு எண்ணெயும் கொழுப்புமாக 27 கிராம் என்று வைத்திருக்கிறது. ஏறக்குறைய ஆறு டீஸ்பூன். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மாதத்துக்கு மூன்றே கால் கிலோ, அதாவது சுமார் மூன்றரை லிட்டர். நெய், வெண்ணெய், கடையில் வாங்கும் மிக்சர், முறுக்கு, ஓட்டல் பரோட்டாவில் ஊறிய எண்ணெய் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். அப்படிப் பார்த்தால் அடுப்படிக்கு மிஞ்சுவது மூன்று லிட்டருக்குக் கீழேதான். முதல் தேதி மூன்று லிட்டர் வாங்கி வையுங்கள், எந்தத் தேதியில் தீர்கிறது என்று பாருங்கள். எந்த எண்ணெய் நல்லது என்று கேட்பவர்களில் பலர் இந்தக் கணக்கைப் பார்ப்பதே இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே கவலை.

கேள்வி: "கொலஸ்ட்ரால் இல்லாதது" என்று போட்ட பாக்கெட்டுக்குக் கூடுதல் விலை கொடுக்கலாமா?

வேண்டாம். எந்தத் தாவர எண்ணெயிலும் சொல்லும்படியான கொலஸ்ட்ரால் கிடையாது. நீங்கள் பார்க்க வேண்டியது பாக்கெட்டின் பின்பக்கம்: ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டுகிற நிறைவுற்ற கொழுப்பு எத்தனை கிராம், டிரான்ஸ் கொழுப்பு எத்தனை கிராம். 2022 ஜனவரி முதல் எண்ணெய், வனஸ்பதியில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது சட்டம்.

கேள்வி: எங்கள் தெருவில் புதிதாகத் திறந்த கடையில் மரச்செக்குக் கடலெண்ணெய் லிட்டர் 180 ரூபாய்க்குத் தருகிறார்கள். ரீஃபைண்டை விட்டு இதற்கு மாறலாமா? (ஈரோடு வாசகர்)

மாறுவதற்கு முன் ஒரு கணக்குப் போடுங்கள். செக்கில் ஒரு லிட்டர் கடலெண்ணெய் எடுக்க ஏறக்குறைய இரண்டரை கிலோ நிலக்கடலைப் பருப்பு வேண்டும். பருப்பு கிலோ 120 ரூபாய் என்று வைத்தால்கூட 300 ரூபாய். புண்ணாக்கு விற்ற காசில் ஆட்டுக்கூலியும் கரண்டும் போனால் மிச்சம் அதிகம் இருக்காது. பிறகு எப்படி 180 ரூபாய்க்குக் கொடுக்க முடியும்? வேறு எண்ணெய் கலந்திருக்கலாம், அல்லது பருப்பே கழிவுப் பருப்பாக இருக்கலாம். உங்கள் ஊர்ச் சந்தையில் அன்றைக்குப் பருப்பு என்ன விலை என்று கேட்டுவிட்டுக் கடைக்குப் போங்கள். தேங்காய் எண்ணெய்க்கும் இதே கணக்கு: லிட்டருக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் கொப்பரை பிடிக்கும்.

இரண்டாவது விஷயம் பூஞ்சை. ஈரத்தில் கிடந்த கடலையில் அஃப்ளடாக்சின் என்ற நச்சு உண்டாகும், அது கல்லீரலைக் கெடுக்கும். நச்சில் பெரும்பகுதி புண்ணாக்கில் தங்கினாலும் கொஞ்சம் எண்ணெயிலும் இறங்கும். ரீஃபைண்ட் செய்யும்போது அது நீங்கிவிடும், செக்கெண்ணெயில் நீங்க வழியில்லை. அதனால் செக்கெண்ணெயின் தரம் முழுக்கப் பருப்பின் தரத்தில் இருக்கிறது. பருப்பைக் கண்ணில் காட்டி ஆட்டித் தருகிற கடை என்றால் தாராளமாக வாங்குங்கள். மணமும் ருசியும் அதில்தான். சொத்தை பொறுக்கிய பருப்பை நீங்களே கொண்டுபோய் ஆட்டி வந்தால் இன்னும் நல்லது. ஒரு மாதத்துக்கு மட்டும் வாங்கி, வெளிச்சம் படாத எவர்சில்வர் தூக்கில் வையுங்கள். காறல் வாடை வந்தால் கொட்டிவிடுங்கள்.

ரீஃபைண்ட் எண்ணெய் விஷம் என்று பரப்புவதை நான் ஏற்கவில்லை. மணமும் சில நுண்சத்துகளும் போகின்றன, அவ்வளவுதான். கொழுப்பு அமிலங்கள் ஏறக்குறைய அப்படியே இருக்கின்றன. கலோரியும் அதே, கிராமுக்கு 9. செக்கெண்ணெய்தானே என்று தாராளமாக ஊற்றினால் மேலே சொன்ன கணக்கு உடைந்துவிடும்.

கேள்வி: ஒரு பாக்கெட் 170 ரூபாய், பக்கத்திலேயே இன்னொன்று 162 ரூபாய். இரண்டும் ஒரே உயரம். எதை எடுப்பது?

எடையைப் படியுங்கள். ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம். ஒரு லிட்டர் போலவே தோன்றும் 850, 800 கிராம் பாக்கெட்டுகள் கடையில் உண்டு. 170 ரூபாய்க்கு 910 கிராம் என்றால் கிலோ 187 ரூபாய். 162 ரூபாய்க்கு 850 கிராம் என்றால் கிலோ கிட்டத்தட்ட 191 ரூபாய். எட்டு ரூபாய் குறைவு என்று எடுத்ததுதான் விலை கூடியது. ஒரு கிராமுக்கோ ஒரு மில்லிக்கோ என்ன விலை என்றும் பாக்கெட்டில் அச்சிட்டிருப்பார்கள். கிராமைக் கிராமோடு மட்டும் ஒப்பிடுங்கள், மில்லியோடு ஒப்பிட்டால் கணக்குத் தவறும்.

கேள்வி: நாங்கள் தலைமுறை தலைமுறையாகத் தேங்காய் எண்ணெயில் சமைப்பவர்கள். ரேஷன் பாமாயிலும் வாங்குகிறோம். இரண்டும் கெடுதல் என்கிறார்களே? (நாகர்கோவில் வாசகி)

தேங்காய் எண்ணெயில் சுமார் 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு, பாமாயிலில் பாதிக்குச் சற்றுக் குறைவு, கடலெண்ணெயில் ஐந்தில் ஒரு பங்குக்குள். நிறைவுற்ற கொழுப்பு மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 2,000 கலோரிக்கு அது 22 கிராம். ஒரு டேபிள்ஸ்பூன் தேங்காய் எண்ணெயிலேயே பாதிக்கு மேல் போய்விடும், தேங்காய் அரைத்த குழம்பு தனி. எனவே அவியலுக்கு மேலே ஊற்றுவதற்குத் தேங்காய் எண்ணெயை வைத்துக்கொள்ளுங்கள், அன்றாடத் தாளிப்புக்குக் கடலெண்ணெயோ நல்லெண்ணெயோ மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயிலை நம்பி இருக்கும் குடும்பங்களை யாரும் பயமுறுத்த வேண்டாம். அளவோடு இருந்தால் போதும்.

நல்லெண்ணெய் வாங்கும்போது ஒன்று கவனியுங்கள். விளக்கேற்றும் எண்ணெய் அதே போன்ற பாட்டிலில் அதே அலமாரியில் நிற்கும். சமையலுக்கு உரியதில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கும்.

கேள்வி: பஜ்ஜி சுட்ட எண்ணெயை என்ன செய்வது?

வடிகட்டி, ஓரிரு நாளில் குழம்புக்கும் பொரியலுக்கும் தீர்த்துவிடுங்கள். அதிலேயே மறுபடி பொரிக்க வேண்டாம். கடைகளுக்கும் வரம்பு உண்டு: பொரித்த எண்ணெயில் போலார் சேர்மங்கள் (எண்ணெய் திரும்பத் திரும்பக் காய்ந்து சிதைவதால் உண்டாகிறவை) 25 சதவீதத்தைத் தாண்டினால் அதில் சமைக்கக் கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் இருக்கிறது. கறுத்து, நுரைத்து, புகையும் சட்டியைக் கண்டால் அந்தக் கடையில் வாங்காதீர்கள்.

கேள்வி: கலப்படம் என்று சந்தேகம் வந்தால்?

பில்லும், பிரித்த பாக்கெட்டும், மிச்ச எண்ணெயும் கையில் இருக்கட்டும். மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் கொடுக்கலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யலாம். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆவது பிரிவின்படி, கட்டணம் கட்டி நீங்களே உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்க முடியும். தரம் தவறியது என்று முடிவு வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். சில்லறையாக அளந்து ஊற்றும் எண்ணெயில் இது எதையும் நிரூபிப்பது கடினம், ஆகவே கண்முன் ஆட்டித் தருகிற செக்கெண்ணெய் தவிர மற்றதை முத்திரையிட்ட பாக்கெட்டாகவே வாங்குங்கள்.