அனிமேஷன் கட்டுரைகளில் கூட்டம் எதற்கு வருகிறது? கேள்வி பதில்

அனிமேஷன் பற்றிப் பல வருடங்களாக எழுதுகிறேன், மற்றவர்கள் எழுதியதைத் திருத்தியும் கொடுக்கிறேன். எது படிக்கப்படுகிறது, எது சீந்துவாரின்றிக் கிடக்கிறது என்று கேட்டவர்களுக்கு என் பதில்கள் இவை. எந்த மென்பொருள் நல்லது, வேலை கிடைக்குமா என்பவற்றுக்கு நான் ஆள் இல்லை.

கேள்வி: ஒரே வரியில் சொல்லுங்கள் சார். எந்த மாதிரிக் கட்டுரையை அதிகம் பேர் படிக்கிறார்கள்?

படம் பார்க்கும்போது மனதில் எழுந்து, கேட்க ஆள் இல்லாமல் விட்ட சந்தேகத்துக்குப் பதில் சொல்லும் கட்டுரையை.

கேள்வி: அதையே கொஞ்சம் விரிவாக, ஓர் உதாரணத்தோடு?

நான் எழுதியதிலேயே அதிகம் படிக்கப்பட்டது, மிக்கி மவுஸ் ஏன் கையுறை போடுகிறது, அதற்கு ஏன் நான்கே விரல்கள் என்ற சின்னக் கட்டுரை. ஒரு மதியத்தில் எழுதி முடித்தது. மூன்று மாதம் உட்கார்ந்து ஓர் இயக்குநரைப் பற்றி எழுதியதை என் நண்பர்களே முழுதாகப் படிக்கவில்லை.

1928-இல் வந்த 'ஸ்டீம்போட் வில்லி'யைப் பாருங்கள். கறுப்பு வெள்ளைப் படம். மிக்கியின் உடம்பும் கறுப்பு, கையும் கறுப்பு. கை மார்புக்கு முன்னால் வந்தால் காணாமல் போய்விடும். அடுத்த வருடமே வெள்ளைக் கையுறை வந்துவிட்டது. விரல் விஷயம் உழைப்புக் கணக்கு. திரையில் நொடிக்கு 24 சட்டகம் (ஃபிரேம், அதாவது அசையாத தனிப் படம்) ஓடும்; ஒரே ஓவியத்தை இரண்டு சட்டகத்துக்குப் பயன்படுத்தினால் நொடிக்கு 12 ஓவியம் போதும். ஏழு நிமிடப் படத்துக்கு அப்படியே 5,040 ஓவியம். ஒவ்வொன்றிலும் இரண்டு கைகள் தெரிந்தால், கைக்கு ஒரு விரலைக் குறைத்ததில் 10,080 விரல்கள் மிச்சம்! வாசகர்கள் எடுத்துப் பகிர்ந்தது இந்தப் பத்தியைத்தான். மற்ற பத்திகளை நானே மறந்துவிட்டேன்.

கேள்வி: படத்தின் முடிவை விளக்கும் கட்டுரைகள் எப்படி?

படம் வந்த வாரம் அலைமோதும், அப்புறம் அடங்கிவிடும். விதிவிலக்கும் உண்டு. 'இவாஞ்சலியன்' என்ற ஜப்பானிய அனிமேஷன் தொடர் 1996-இல் முடிந்தது, அடுத்த வருடம் வேறொரு முடிவோடு திரைப்படமும் வந்தது. இரண்டில் எது உண்மையான முடிவு என்று இன்றும் கேட்கிறார்கள். ஒன்று மட்டும்: முடிவைத் தலைப்பிலேயே போட்டு உடைக்காதீர்கள். இன்னும் பார்க்காதவன் கண்ணிலும் தலைப்பு படும்.

கேள்வி: டாப் 10 பட்டியல் எழுதலாமா?

எழுதலாம். எண்களை மட்டும் பார்த்துவிட்டு, தனக்குப் பிடித்தமான படம் இல்லையென்று திட்டிவிட்டுப் போவார்கள்.

கேள்வி: 'உலகின் முதல் முழுநீள அனிமேஷன் படம் ஸ்னோ ஒயிட்' என்று தொடங்கி ஒரு கட்டுரை வைத்திருக்கிறேன். பார்த்துச் சொல்ல முடியுமா?

முதல் வரியிலேயே நிறுத்திவிட்டேன். 'முதல்' என்ற சொல்லைக் கண்டால் பேனாவைக் கீழே வையுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன், யார் கேட்கிறார்கள்? அர்ஜென்டினாவில் கிரினோ கிறிஸ்தியானி 1917-இலேயே 'எல் அப்போஸ்தோல்' எடுத்துவிட்டார். அதன் பிரதி ஒன்றுகூட இப்போது இல்லை. ஜெர்மனியில் லோட்டே ரைனிகர் கத்தரித்த நிழலுருவங்களை வைத்து 1926-இல் எடுத்த இளவரசர் அக்மது படம் இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. 'ஸ்னோ ஒயிட்' 1937. 'செல் தாளில் (கண்ணாடி போன்ற செல்லுலாய்டு தாள்) வரைந்த முதல் முழுநீளப் படம்' என்று எழுதினால் தப்பித்தீர்கள்.

கேள்வி: எந்தக் கட்டுரையை அதிகம் படிக்கிறார்கள்?

மேலே முதல் பதில்.

கேள்வி: தொழில்நுட்பம் எழுதினால் ஓடிவிடுகிறார்களே?

கலைச்சொல்லில் தொடங்கினால் ஓடத்தான் செய்வார்கள். காட்சியில் தொடங்குங்கள். 2018-இல் வந்த 'ஸ்பைடர்மேன்: இன்டு த ஸ்பைடர்வெர்ஸ்' படத்தில் புதிதாக ஸ்பைடர்மேன் ஆன சிறுவன் மைல்ஸும் அனுபவமுள்ள ஸ்பைடர்மேன் பீட்டரும் காட்டுக்குள் வலைவிட்டுத் தாவும் இடம். பீட்டர் நொடிக்கு 24 ஓவியத்தில் வழுக்கிக்கொண்டு போகிறார், மைல்ஸ் 12-இல் திணறுகிறான். பையனுக்கு இன்னும் கைவரவில்லை என்பதை வசனமில்லாமல் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். இதைப் படித்தவர் உடனே அந்தக் காட்சியைத் திரும்பப் போட்டுப் பார்ப்பார். பார்த்தவர் இன்னொருவரைக் கூட்டிவருவார்.

கேள்வி: மோஷன் கேப்சர் படங்களைப் பற்றி, அதாவது நடிகரின் அசைவைக் கணினியில் பதிவு செய்து பாத்திரத்துக்குக் கொடுக்கும் படங்களைப் பற்றி எழுதலாமா? அவை அனிமேஷனே இல்லை என்பது என் கருத்து.

வந்துவிட்டதா! ஆஸ்கர் அகாடமி 2010-இல் அனிமேஷன் பட விருதின் விதியைத் திருத்தி, மோஷன் கேப்சர் மட்டுமே அனிமேஷன் உத்தி ஆகாது என்று சொன்னது உண்மைதான். ஆனால் மோஷன் கேப்சரைப் பயன்படுத்திய 'ஹேப்பி ஃபீட்' அதற்கு முன்பே அதே விருதை வாங்கியிருந்தது. 2011-இன் 'டின்டின்' படத்துக்கு அனிமேஷன் பிரிவில் கோல்டன் குளோப் கிடைத்தது, ஆஸ்கரின் அதே பிரிவில் பரிந்துரைகூட இல்லை. பெரியவர்களே ஒத்துப்போகவில்லை.

கேள்வி: (அவரேதான்) நடிகர் நடிக்கிறார், கணினி பதிவு செய்கிறது. இதில் அனிமேட்டருக்கு என்ன வேலை?

பதிவானதை அப்படியே ஓடவிட்டால் கால் தரையில் வழுக்கும், கை உடம்புக்குள் புகும். அதையெல்லாம் சட்டகம் சட்டகமாகச் சரிசெய்பவர் யார்? இன்னொன்று: மேக்ஸ் ஃபிளைஷர் நூறு வருடத்துக்கு முன்பே ரோட்டோஸ்கோப் கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். ஓடும் படத்தின் மேல் தாள் வைத்து வரைவது. 1932-இல் பாடகர் கேப் காலோவே ஆடிய ஆட்டத்தை அப்படித்தான் ஒரு கார்ட்டூன் பேயாக மாற்றினார்கள். அதை அனிமேஷன் இல்லையென்று யாரும் சொல்வதில்லையே.

கேள்வி: (வேறொருவர்) ரோட்டோஸ்கோப்பில் எந்தக் கோட்டை வைப்பது, எதை விடுவது என்று வரைபவர் முடிவு செய்கிறார். மோஷன் கேப்சரில் அசைவைப் பதிவு செய்யும் உணர்கருவி (சென்சார்) எதையும் விடுவதில்லை. ஒப்பீடு தவறு.

சரி, பாதி ஒத்துக்கொள்கிறேன். நல்ல அடி. மீதிப் பாதிக்கு நான் மேலே சொன்ன வழுக்கும் கால்தான் பதில்.

கேள்வி: அப்படியானால் 2019 'லயன் கிங்'?

ஒரே ஒரு காட்சித்துண்டு தவிர எல்லாமே கணினியில் செய்தது. நிஜமாகப் படம்பிடித்தது போலத் தெரிந்தாலும், விளம்பரத்தில் என்ன சொன்னாலும் அது அனிமேஷன். இதோடு இந்தச் சண்டையை முடிக்கிறேன், இன்னும் ஒன்பது பேர் வரிசையில் நிற்கிறீர்கள். ஒரு பட்டியலுக்கு இத்தனை பேர் வந்ததில்லை என்பதை டாப் 10 கேட்டவர் குறித்துக்கொள்ளட்டும்.

கேள்வி: டாப் 20 என்றால்?

அதே பதில், இரண்டு மடங்கு திட்டு.

கேள்வி: அழிந்துபோன படங்கள், கடைசி நிமிடத்தில் மீட்ட படங்கள் பற்றிய கதைகளுக்கு வரவேற்பு உண்டா?

நிறைய. ஆனால் எல்லோரும் ஒரே கதையைப் பாதியில் நிறுத்துகிறார்கள். 'டாய் ஸ்டோரி 2' கோப்புகள் 1998-இல் ஒரு தவறான கட்டளையால் அழிந்தன, காப்புப் பிரதியும் வேலை செய்யவில்லை. கேலின் சஸ்மன் என்பவர் குழந்தையைப் பார்த்துக்கொண்டே வேலை செய்வதற்காக வீட்டுக் கணினியில் வைத்திருந்த பிரதி காப்பாற்றியது. இதுவரை எல்லோருக்கும் தெரியும். அப்படிக் காப்பாற்றிய படத்தின் கதை சரியில்லையென்று பெரும்பகுதியைத் தூக்கிப்போட்டு, சுமார் ஒன்பது மாதத்தில் திரும்ப எடுத்தார்கள். இந்த இரண்டாம் பாதியை எழுதுங்கள், நானே வந்து படிக்கிறேன்.

கேள்வி: அண்ணா, அந்த நான்கு விரல் விஷயத்தை நானும் எழுதினால் தப்பா?

தாராளமாக எழுதுங்கள். 'சிம்ப்சன்ஸ்' தொடரில் ஊரில் எல்லோருக்கும் நான்கு விரல், கடவுளைக் காட்டும்போது மட்டும் வழக்கமாக ஐந்து. அதை நான் எழுதாமல் விட்டுவிட்டேன். எடுத்துக்கொள்ளுங்கள்.