வெய்ன் பிரேடியும் மேடையிலேயே பாட்டுக் கட்டும் வித்தையும்: கேள்வி பதில்

அமெரிக்க நகைச்சுவை நடிகர் வெய்ன் பிரேடியைப் பற்றியும், முன்தயாரிப்பு இல்லாமல் மேடையிலேயே நடித்துப் பாடும் 'இம்ப்ரோவ்' பற்றியும் வந்த கேள்விகளுக்குப் பதில்கள் கீழே.

கேள்வி: சார், துண்டு வீடியோக்களில் மட்டும்தான் இவரைப் பார்த்திருக்கிறேன். எங்கிருந்து வந்தார்?

1972-ல் ஜார்ஜியா மாநிலத்துக் கொலம்பஸில் பிறந்தவர். பாட்டியின் வளர்ப்பு, வளர்ந்தது ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோவில். அங்கே 'சாக்' என்ற இம்ப்ரோவ் அரங்கில்தான் அடிப்படையைக் கற்றார். 1998-ல் ஏபிசி தொலைக்காட்சியில் 'ஹூஸ் லைன் இஸ் இட் எனிவே' என்ற இம்ப்ரோவ் விளையாட்டு நிகழ்ச்சி தொடங்கியபோது பெரிய கூட்டத்தின் கண்ணில் பட்டார். அது பிரிட்டனின் சேனல் 4-ல் ஓடிய நிகழ்ச்சியின் அமெரிக்க வடிவம். தொகுப்பாளர் ட்ரூ கேரி. கூட நடித்தவர்கள் ரயன் ஸ்டைல்ஸ், காலின் மோக்ரி. இந்த நிகழ்ச்சிக்காக 2003-ல் எம்மி விருது வாங்கினார்.

அந்த மேடையில் வேகமான ஆட்கள் பலர் இருந்தார்கள். ஆனால் இசையை இவர் அளவுக்குக் கையாள ஆளில்லை. அவருடைய பிற்கால வாய்ப்புகள் பெரும்பாலும் இந்த ஒரு திறமையில் இருந்துதான் கிளைத்தன என்பது என் கருத்து.

கேள்வி: உண்மையைச் சொல்லுங்கள், எல்லாம் முன்பே எழுதி வைத்ததுதானே?

இல்லை. என்னென்ன விளையாட்டுகள் ஆடப்போகிறோம் என்பது நடிகர்களுக்குத் தெரியும், விதிகளும் தெரியும். தலைப்பு, பாட்டின் பாணி, பார்வையாளரின் பெயர், தொழில் இவையெல்லாம் அந்த நேரத்தில்தான் கைக்கு வரும். உங்கள் சந்தேகத்துக்குக் காரணம் எடிட்டிங். ஒளிபரப்பாகும் நேரத்தைவிட மிக அதிகமாகப் படம் பிடித்து, எடுபடாததை வெட்டிவிடுவார்கள். தடுமாறிய பாட்டு உங்கள் கண்ணுக்கு வருவதே அபூர்வம்.

கேள்வி: கல்லூரி நாடகக் குழுவில் 'ஹோடவுன்' முயன்றோம். மூன்றாவது வரியிலேயே சிக்கிக்கொள்கிறோம். என்ன தவறு?

முதல் வரியில் இருந்து யோசிக்கிறீர்கள், அதுதான் தவறு. ஹோடவுன் என்பது நாட்டுப்புற மெட்டில் ஆளுக்கு நான்கு வரி. ஈரிரண்டு வரிக்கு ஓர் இயைபு, அதாவது வரி முடிவில் ஒத்த ஒலி. கடைசி வரியை எல்லோரும் சேர்ந்து திருப்பிப் பாடுவார்கள். சிரிப்பு நான்காம் வரியின் கடைசிச் சொல்லில் விழ வேண்டும். ஆகவே அந்தச் சொல்லை முதலில் பிடியுங்கள்.

தலைப்பு 'பல் டாக்டர்' என்று வைத்துக்கொள்வோம். கடைசிச் சொல் 'பல்லு'. அதோடு இயைபவை சொல்லு, கல்லு, நெல்லு, நில்லு. நகைச்சுவை என்ன? தவறான பல்லைப் பிடுங்குவது. அப்படியானால் நான்காம் வரி: 'ஐயோ, நான் பிடுங்கினது பக்கத்துப் பல்லு!' அதற்கு முந்தியது: 'வலிக்குதுன்னா வாயைத் திறந்து சொல்லு.' கடைசி ஜோடி தயார். முதல் ஜோடியில் டாக்டரை அறிமுகம் செய்தால் போதும். அங்கே யாரும் சிரிக்காவிட்டாலும் குறையில்லை. அங்கேயே நல்ல ஜோக்கைச் செலவழித்துவிட்டு மூன்றாம் வரியில் கையைப் பிசைவதுதான் புதியவர்கள் எல்லோருக்கும் நடப்பது.

இன்னொன்று. உங்களுக்கு முன்னால் பாடுபவர் அதே ஜோக்கை எடுத்துக்கொள்ளலாம். ஆகவே இரண்டு கடைசிச் சொற்களை மனதில் வைத்திருங்கள். நான்காவதாகப் பாடுபவருக்கு மூன்று வேண்டும்.

கேள்வி: ரெகே, காஸ்பல், ஓப்பரா என எந்தப் பாணி சொன்னாலும் உடனே பாடுகிறாரே, எப்படி?

இவர் பாணிகளை முன்பே பிரித்துப் படித்து வைத்திருப்பவர். ஒவ்வொரு பாணிக்கும் மூன்று அடையாளங்களைப் பழகுங்கள்: தாளம், சொல்லை இழுக்கும் விதம், உடல். ஜமைக்காவின் ரெகே என்றால் கிடார் வெட்டு எதிர்த்தட்டில், அதாவது முக்கியத் தட்டுகளுக்கு இடையில் விழும். பாடுபவர் தாளத்துக்குச் சற்றுப் பின்னால் சாய்ந்து வருவார். தேவாலயப் பாட்டான காஸ்பல் என்றால் ஒருவர் அழைக்க, குழு பதில் கொடுக்கும். சுருதி ஏறிக்கொண்டே போகும். இந்த மூன்றும் சரியாக விழுந்துவிட்டால் வரிகள் சுமாராக இருந்தாலும் அரங்கம் ஏற்றுக்கொள்ளும்.

பார்வையாளர் ஒருவரை நாற்காலியில் உட்கார வைத்து அவரைப் பற்றியே பாடும் 'சாங் ஸ்டைல்ஸ்' ஆட்டத்தைக் கவனியுங்கள். அந்தப் பார்வையாளரின் பெயரையோ தொழிலையோ பிரேடி பல்லவியின் கொக்கியாக்கிவிடுவார், அதாவது மனதில் ஒட்டும் சொல்லாக்கிவிடுவார். பல்லவி திரும்ப வரும் ஒவ்வொரு தடவையும் அடுத்த சரணத்துக்கு யோசிக்க நேரம் கிடைக்கிறது. கீபோர்டில் லாரா ஹால், கிடாரில் லிண்டா டெய்லர் வாசிக்கும் முன்னிசையும் அதே அவகாசம்தான். வாத்தியக்காரரோடு கண்ணால் பேசத் தெரியாதவர் இதில் நிலைக்க முடியாது. பாட்டு முடியப்போகிறது என்பதை உடலால் காட்ட வேண்டும். இல்லையென்றால் வாத்தியம் ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம் நிற்பீர்கள்.

அதிகம் கெடுவது இரண்டு இடத்தில். குரலைப் போலி செய்வதில் மூழ்கிச் சொல் புரியாமல் போவது ஒன்று. வேகமான தாளத்தில் தொடங்கி மூச்சுத் திணறுவது இன்னொன்று. ஆரம்பத்தில் நிமிடத்துக்கு 90 முதல் 100 தட்டுக்கு மேல் போகாதீர்கள்.

கேள்வி: தமிழில் இதைச் செய்ய எளிதா, கடினமா?

இயைபு எளிது, அதுவே ஆபத்து. தமிழில் வினை கடைசியில் வருவதால் 'வந்தான், போனான், தின்றான்' என்று எவ்வளவு வேண்டுமானாலும் அடுக்கலாம். கேட்பவருக்கு அடுத்த ஒலி முன்பே தெரிந்துவிடுவதால் திடுக்கிடல் இருக்காது. சிரிப்பு வர வேண்டிய வரியைப் பெயர்ச்சொல்லில் முடியுங்கள். மேலே 'பல்லு' என்று முடித்ததற்குக் காரணம் அதுதான். வரித் தொடக்கத்தில் எதுகையும் போட்டால் காதுக்கு இன்னும் நிறைவு.

பயிற்சிக்குத் தினமும் இருபது நிமிடம் போதும். பத்து நிமிடம் கண்ணில் படும் பொருளுக்கெல்லாம் ஐந்து இயைபுச் சொல். பத்து நிமிடம் கரோக்கி இசைக்கு நிறுத்தாமல் வரி கட்டுவது. தப்பு வந்தாலும் பாட்டை நிறுத்தக்கூடாது. நிறுத்திப் பழகினால் மேடையிலும் நிற்பீர்கள்.

கேள்வி: பிரபல பாட்டின் மெட்டில் கேலிப்பாட்டு எழுதி யூடியூபில் போடலாமா?

அமெரிக்காவில் 1994-ல் 'டூ லைவ் க்ரூ' என்ற ராப் குழுவின் வழக்கில், மூலப் பாட்டையே கேலி செய்யும் வடிவம் நியாயமான பயன்பாடாக (அனுமதி இல்லாமலே சட்டம் விடும் பயன்பாடு) இருக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மெட்டைக் கடன் வாங்கி வேறு எதையோ கிண்டல் செய்தால் அந்தப் பாதுகாப்பு பலவீனம். கேலிப்பாட்டுக்கே பெயர்போன பாடகர் 'வியர்ட் ஆல்' யாங்கோவிக் எப்போதும் அனுமதி கேட்டுத்தான் செய்கிறார். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு விமர்சனத்துக்கு இடம் தருகிறது; கேலிப்பாட்டு என்று பெயர் சொல்லி விலக்கு எதுவும் இல்லை. யூடியூபின் தானியங்கிச் சோதனையும் பிடித்துவிடும். கரோக்கி இசைக்கும் தனி உரிமையாளர் உண்டு. பாதுகாப்பான வழி பிரேடியின் வழிதான்: பாணியை மட்டும் எடுங்கள், மெட்டைப் புதிதாகப் போடுங்கள். பாணிக்குப் பதிப்புரிமை கிடையாது.

கேள்வி: அவ்வளவு திறமை உள்ளவர் கேம் ஷோ தொகுப்பாளராகப் போனது இறக்கம் இல்லையா?

அப்படி நினைக்கவே வேண்டாம். 2009-ல் சிபிஎஸ் தொலைக்காட்சியில் 'லெட்ஸ் மேக் எ டீல்' என்ற பரிசு நிகழ்ச்சி மறுபடி வந்தபோது அவரைத் தொகுப்பாளராக்கினார்கள். பார்வையாளர்கள் விதவிதமான வேடத்தில் வந்து உட்காருவார்கள். அந்தக் கூட்டத்தில் இருந்து ஒருவரை எழுப்பி, இரண்டொரு கேள்வியில் அவரிடமிருந்து ஒரு காட்சியை உருவாக்க வேண்டும். சாங் ஸ்டைல்ஸில் செய்ததும் அதுவேதான். அறிவிப்பாளர் ஜொனதன் மாங்கமும் அதே ஆர்லாண்டோ சாக் அரங்கில் இருந்து வந்தவர் என்பதால் யார் எதைத் தொடங்கினாலும் மற்றவர் பிடித்துக்கொள்கிறார். நிலையான வருமானம் தரும் பகல் நேர நிகழ்ச்சி கையில் இருந்ததால் நியூயார்க்கின் நாடக அரங்குகளான பிராட்வேயின் வாய்ப்புகளைத் தேர்ந்தெடுக்கவும் முடிந்தது.

கேள்வி: பிராட்வேயில் இம்ப்ரோவ் உதவுமா?

வரியை மாற்ற உதவாது. அங்கே எழுதியதைத்தான் சொல்ல வேண்டும், வழக்கமாக வாரம் எட்டுக் காட்சி. 'சிகாகோ' என்ற இசை நாடகத்தில் வக்கீல் பில்லி ஃப்ளின், 'கிங்கி பூட்ஸ்' நாடகத்தில் லோலா, 2017-ல் சிகாகோ நகரில் 'ஹாமில்டன்' நாடகத்தின் ஏரன் பர் என்று செய்திருக்கிறார். எதிரில் நிற்பவர் இன்று வேறு மாதிரி மூச்சு விட்டாலும் அதைக் கேட்டு நடிப்பதுதான் இம்ப்ரோவ் தரும் லாபம்.

கேள்வி: கற்றுக்கொள்ள எதைப் பார்க்கலாம்?

சாங் ஸ்டைல்ஸ் துண்டுகளை மட்டும் தேடிப் பாருங்கள். இரண்டாம் முறை பார்க்கும்போது வரிகளை விட்டுவிட்டு, அவர் எந்த இடத்தில் கீபோர்டு பக்கம் திரும்புகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள்.