தென்னை கேள்வி-பதில்: "ஒரே மருந்து" கேட்டு வந்த கடிதங்கள்

கேள்வி: குரும்பை கொட்டுகிறது. எந்த டானிக் நல்லது? (பட்டுக்கோட்டை வாசகர்)

பதில்: மரத்தின் வயது, மண், பாசனம் எதையும் எழுதாமல் டானிக் பெயரை மட்டும் கேட்டால் நான் என்ன சொல்வது? தண்ணீர் குறைந்தாலும் கொட்டும், வடிகால் இல்லாமல் தேங்கினாலும் கொட்டும். போரான், சாம்பல் சத்து குறைந்தாலும் அப்படித்தான். பாளையில் பாதிக்கு மேல் உதிர்வது இயல்பு என்பதையும் மறக்காதீர்கள். டானிக்கை ஆறு மாதத்துக்கு ஒருமுறை 200 மில்லி வேரில் கட்டலாம். அது உரத்துக்கு மாற்று அல்ல. முதலில் மண் பரிசோதனை.

கேள்வி: இனக்கவர்ச்சிப் பொறி வைத்தும் காண்டாமிருக வண்டு குறையவில்லையே?

பதில்: உங்கள் எருக்குழி எங்கே இருக்கிறது? அதை எழுதவில்லையே. புழு வளர்வது அங்கேயும் மட்கிய தூரிலும்தான். குழியில் புழுவைக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சையைக் கலந்து விடுங்கள், பட்ட மரத்தூரை அப்புறப்படுத்துங்கள். மட்டை இடுக்கில் வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு போடுங்கள். பொறியும் இருக்கட்டும்.

கேள்வி: சுருள் வெள்ளை ஈக்கு ஐந்து முறை மருந்து அடித்துவிட்டேன். இதைவிட வீரியமான மருந்து எது? (ஆனைமலை வாசகர்)

பதில்: அப்படி ஒன்று இல்லை. 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் இந்த ஈ தலைகாட்டியதிலிருந்து இதையேதான் சொல்லி வருகிறேன். அண்மையில் ஒரு தோப்பில் அடி ஓலைகளை இறக்கித் திருப்பி லென்ஸில் பார்த்தோம். மருந்து படாத வரப்போர மரத்து ஓலையில், வெள்ளை மெழுகுக்கு நடுவே கருத்த கூடுகள். பலவற்றில் குண்டூசி குத்தியதுபோல் வட்ட ஓட்டை. என்கார்சியா குளவி ஈயின் குஞ்சைத் தின்று வெளியேறிய தடம் அது. பலமுறை அடித்த மரத்தில் கருப்புக் கூடு ஒன்றுகூட இல்லை, வெள்ளைதான் அப்பிக் கிடந்தது. மருந்து முதலில் கொன்றது குளவியை. "ஒரே அடியில் போய்விடும்" என்று சொல்லி அந்த விவசாயியிடம் விற்றிருக்கிறார்கள். எனக்கு மனசு ஆறவில்லை.

மஞ்சள் பொறி பறக்கும் ஈயைப் பிடிக்கும், ஓலையில் ஒட்டிய குஞ்சைத் தொடாது. ஏக்கருக்கு ஏழெட்டு, விளக்கெண்ணெய் தடவிக் கட்டுங்கள். ஓலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினால் குஞ்சுகள் கழுவிப் போகும், ஆனால் பக்கத்துத் தோப்பிலிருந்து ஈ மறுபடி வரும். அதைத் தொடர்ந்து அடக்குவது குளவிதான். கருத்த கூடுள்ள ஓலைத்துண்டுகளை மரங்களில் கட்டுங்கள். லிட்டருக்கு 25 கிராம் மைதா காய்ச்சித் தெளித்தால், ஈயின் இனிப்புக் கழிவில் ஓலைமேல் படரும் கரும்பூசணம் காய்ந்து உரியும், ஈ சாகாது. இதில் ஒன்றை மட்டும் செய்துவிட்டுப் பலனில்லை என்று எழுதாதீர்கள். மருந்தை நிறுத்தாமல் குளவியை வாங்கிக் கட்டுவதும் வீண்.

கேள்வி: தென்னைக்கு உப்பு போடலாமா?

பதில்: மண்ணையும் போர் தண்ணீரையும் பரிசோதிக்காமல் போடாதீர்கள்.

கேள்வி: வேர் வாடலைக் குணமாக்கும் மருந்து?

பதில்: கிடையாது. பைட்டோபிளாஸ்மா என்ற, பாக்டீரியா வகை நுண்ணுயிரியால் வருவது அது. நோய் முற்றிய மரத்தை அகற்றுங்கள். மற்றவற்றுக்கு உரமும் பசுந்தாளும் கொடுத்துக் காய்ப்பைக் காப்பாற்றலாம். மறுநடவுக்குக் கல்பரக்ஷா, கல்பஸ்ரீ போன்ற ரகங்களைக் கேளுங்கள். குணமாக்குகிறேன் என்று வருபவருக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: ஊடுபயிராக வாழை?

பதில்: தண்ணீர் இருந்தால் போடுங்கள். சுருள் வெள்ளை ஈ வாழையிலும் உட்காரும். தென்னை ஓலையைப் பார்க்கிற அன்றே வாழை இலையின் அடியையும் திருப்பிப் பாருங்கள்.